சும்மா வந்த வருமானம்

அத்தானுக்கு டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார் வேலை. மாதச் சம்பளம் போக, ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக் காரில் தனி வகுப்பும் எடுப்பார். சம்பளத்தை மட்டும் காட்டி வரிக்கணக்கு கொடுத்ததற்கு, 'பத்து நாளில் திருத்தித் தரவும்' என்று கடிதம் வந்தது. உடனே அவருக்கு என் ஞாபகம் வந்துவிட்டது. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் மச்சான் வேறெதற்கு இருக்கிறான்?

நான் போனபோது குளியலறையில் அக்கா துணி அலசிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வலிக்குப் பட்டை கட்டிக்கொண்டு, ஆறு வருடமாக ஒரு வாஷிங் மெஷின் கேட்கிறாள். "கையில காசு சேரட்டும்" என்பார் அத்தான். இந்த வருடமும் அதையேதான் சொன்னாராம்.

படிவத்தை விரித்தேன். "மனைவியோட தொழில்?"

"அவளா? வீட்ல சும்மாதான் இருக்கா."

உள்ளே துணி தொப் தொப்பென்று அடி வாங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "தனி வகுப்புல எவ்வளவு வந்துச்சு?" என்றேன்.

"அதெல்லாம் வருமானமா மச்சான்? சும்மா வர்றது."

டைரியை நீட்டினார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் நேரே ஒரு தொகை. பக்கத்தில் முத்துமுத்தான எழுத்தில் 'சும்மா'. மனிதர் மறைப்பதிலும் படு ஒழுங்கு.

"படிவத்துல 'சும்மா'ன்னு கட்டம் கிடையாது அத்தான். இதர வருமானம்னுதான் இருக்கு."

"அதுலயே போட்டுக்கோ. சத்தமா மட்டும் படிக்காதே."

பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று பயப்படுகிறாராக்கும் என நினைத்தேன். கூட்டினேன். நம்பிக்கையில்லாமல் மறுபடியும் கூட்டினேன்.

"என்ன அத்தான் இது! சம்பளத்தைப் போல ரெண்டு மடங்கு!"

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அத்தான் முகம் வெளுத்தது. அவருக்கு வரித்துறையிடம் பயமே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா கையில் அவருடைய ஈரச் சட்டையோடு வந்து நின்றாள். "மறைச்சா அபராதம் உண்டாடா?"

"உண்டுக்கா. வட்டியும் சேரும்."

"சும்மா இரு, அவன் வேலையைப் பார்க்கட்டும்" என்றார் அத்தான்.

அக்கா மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி டைரிமேல் வைத்தாள். பிழியாத சட்டையை அவர் மடியில் போட்டாள்.

"சரிங்க. இன்னைலேர்ந்து நான் நிஜமாவே சும்மா இருக்கேன்."