சார்ஜரைப் பிடுங்கிய பிறகு

நாளை காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் இருக்காது என்று தெருவில் சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா மூக்கில் குழாயோடு சோபாவில் சாய்ந்திருந்தாள். அவளுக்குப் பிராணவாயு தரும் இயந்திரம் கரண்டில்தான் ஓடும். அக்காவின் கணவர், என் மாமா, சிலிண்டருக்கு அலைந்தும் கிடைக்கவில்லை. இன்வெர்ட்டரின் பழைய பேட்டரி உப்பிக் கிடந்தது. அதற்குப் பதிலாக மாட்ட, நான் வேலை பார்க்கும் மின்சைக்கிள் பழுதுக் கடையில் ஒரு லித்தியம் பேட்டரியைக் கட்டி எடுத்து வந்தேன். சின்னச் சின்னச் செல்கள் நான்கு வரிசையாக அடுக்கிய பேட்டரி அது.

சார்ஜ் ஏறி முடிந்ததும் மீட்டர் முழு அளவான 16.8 வோல்ட் காட்டியது. சார்ஜரைப் பிடுங்கினேன். மாமா மீட்டரின் மேல் கவிழ்ந்துவிட்டார்.

"ஏய் மீட்டரம்மா! இறங்குது! இப்பத்தானே ஏத்தினே?" மீட்டரோடு அலையும் என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"இறங்கும் மாமா. அடங்கி ஒரு இடத்துல நிக்கும்."

"அடங்குமா, மொத்தமா படுத்துடுமா?"

"வாயக் கழுவுங்க," என்றாள் அக்கா.

மாமா பஸ் கண்டக்டர். அவருக்குப் புரிகிற வழியில் சொன்னேன். "ஸ்டாப்பிங்ல கூட்டம் முண்டியடிச்சு ஏறுது. படியில நெரிசல். பஸ்ஸே நிறைஞ்ச மாதிரி இருக்கும். நீங்க என்ன பண்ணுவீங்க?"

"உள்ள போ, உள்ள போன்னு கத்துவேன்."

"போனதும்?"

"படி காலியாகும்."

"ஆள் குறைஞ்சிட்டாங்களா?"

"அது எப்படிக் குறையும்?"

"அதேதான். சார்ஜ் ஏத்தறப்ப கரண்ட் எல்லாம் வாசல்ல நெருக்கிக்கிட்டு நிக்குது. நிறுத்தினதும் உள்ள பரவுது. அதான் வோல்டேஜ் கொஞ்சம் இறங்குது. ஆனா நிக்காம இறங்கிட்டே இருந்தா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். எதுன்னு தெரியணும்னா, சாயங்காலம் வரைக்கும் தொடாம விடணும்."

"தொடாமலா?" மாமா எழுந்து ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார்.

நான் கடைக்குப் போய்விட்டேன். அங்கே எதிலும் கை ஓடவில்லை. மாமாவுக்குப் போன் செய்தேன்.

"பதினாறு புள்ளி எட்டு! கல்லு மாதிரி நிக்குது!" என்றார்.

சார்ஜரைப் பிடுங்கிய பிறகு நல்ல பேட்டரி எதுவும் அந்த எண்ணில் நிற்காது. முதலாளியிடம் சொல்லிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று, கையிருப்பில் சோதித்து வைத்திருந்த ஒரு வரிசைச் செல்களையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

சார்ஜரைத் தொட்டேன். சுட்டது.

"மாமா!"

"இறங்கறதைப் பாத்துட்டு எப்படிடி சும்மா இருக்கறது?"

"மூணு தடவ சொருகினாரு," என்றாள் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு. "நான் சொன்னா கேக்கறாரா? வீட்லயும் டிக்கெட் கிழிக்கற அதிகாரம்தான்."

சார்ஜரைக் கழற்றி என் பையில் போட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் ஊற்றி ஊற்றி நிரப்பியதில் ஓட்டைக் குடம்கூட நிறைகுடமாகத்தான் தெரிந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து காத்திருந்தோம். மாமா குடித்து முடித்த டம்ளரை மறுபடி வாயில் வைத்தார். நானும் நகத்தைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வெயில் சாய்ந்ததும் நான்கு வரிசைகளையும் தனித்தனியாக அளந்தேன். மூன்று அடங்கி நின்றன. ஒரு வரிசை மட்டும் ஒவ்வொரு முறை அளந்தபோதும் இன்னும் கீழே போனது.

மாமா எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "இவன் பின்கதவு வழியா எறங்கிட்டே இருக்கான்."

"ஆமா. நாளைக்கு ஓடறப்ப இது ஒண்ணு காலியானா, உள்ள இருக்கற பாதுகாப்பு போர்டு மொத்தத்தையும் நிறுத்திடும்."

அவர் அக்காவின் குழாயைப் பார்த்தார்.

அந்த வரிசையைக் கழற்றிப் புதியதை வைத்தேன். சார்ஜ் ஏற்றினேன், பிடுங்கினேன். எண் மறுபடி இறங்கியது. மாமா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

"நிக்குமா?"

"தெரியல. பாக்கணும்."

படுக்கும் நேரத்தில் நான்கு வரிசைகளும் நின்றிருந்தன. விடிந்ததும் அளந்தேன். அப்படியே இருந்தன. பேட்டரியை இன்வெர்ட்டரில் மாட்டினேன்.

சொன்னபடியே கரண்ட் போயிற்று. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அக்காவின் இயந்திரம் மட்டும் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இறங்குதா?" என்றாள் அக்கா.

"இறங்குது," என்றார் மாமா, மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாலு பேரும் ஒண்ணாத்தான் இறங்கறாங்க. நீ மூச்சு விடு."