இரண்டாம் சாட்சி

லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். இருபத்திரண்டு வருடமாக மேலே போகிறேன், கீழே வருகிறேன். வாழ்க்கையில் முன்னேற்றம் உண்டா என்று கேட்டால் மட்டும் கையை விரிக்கிறேன். இப்படிப்பட்டவனிடம்தான் அப்பா அந்த வேலையை ஒப்படைத்தார். அவருடைய அப்பா செத்த தேதியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆரம்பித்து வைத்தது ஒரு படிவம். அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம், ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினோடு கட்டிப்போட்டிருப்பார்கள். புதிதாக வந்த டாக்டரம்மா, இது பரம்பரையாக வருவதா என்று பார்க்க ஒரு தாளை நீட்டினார். 'தந்தை இறந்த தேதி', 'அப்போது வயது', 'காரணம்' என்று அதில் மூன்று கட்டங்கள். அப்பா மற்றதையெல்லாம் முத்து முத்தாக நிரப்பிவிட்டு, அந்த மூன்றின் மேல் பேனாவை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"தெரியலன்னு எழுதிடுங்கப்பா. டாக்டர் என்ன அடிக்கவா போறாங்க?"

"முப்பத்தஞ்சு வருஷம் பஸ் டிப்போல டைம் கீப்பரா இருந்தவன்டா நான். போன நேரம் போடாம ஒரு வண்டி என் கேட்டத் தாண்டினதில்ல. பெத்த அப்பன் எப்பப் போனாருன்னு தெரியலன்னு எழுதவா?"

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"ஒரு தேதி. அவ்வளவுதான். நான் போறதுக்குள்ள."

அதை அவர் நாடகமாகச் சொல்லவில்லை. டாக்டரம்மா வராந்தாவில் என்னைத் தனியாக நிறுத்தி, இதயமும் தளர்ந்துகொண்டே வருகிறது, அவர் ஏதாவது ஆசைப்பட்டால் தள்ளிப்போடாதீர்கள் என்று முன்தினம்தான் சொல்லியிருந்தார். அப்பாவுக்குக் காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

அவர் தம் தகப்பனைப் பற்றி அறிந்ததெல்லாம் இரண்டே வரி. அவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது, துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர் மேல் பாரம் விழுந்து செத்துப்போனார். சொன்னது அவருடைய அம்மா. உடலும் வரவில்லை, காகிதமும் வரவில்லை. அதற்குமேல் கேட்டால் அந்த அம்மாள் பாத்திரம் கழுவ எழுந்து போய்விடுவாராம். கழுவ ஒன்றும் இல்லாவிட்டாலும்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு தாள். அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த விண்ணப்பம். கீழே, 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. கையெழுத்து என்றால் சாதாரணமானதல்ல. கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கி, பின்னோக்கி ஓடி, மேலேறி, பெயரை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவந்து இரண்டு புள்ளியில் முடியும். மனிதர் தன் பெயருக்குத் தானே வேலி போட்டிருக்கிறார். அப்பா அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் எழுபது வருடம் வைத்திருந்தார். பையனாக இருந்தபோது சிலேட்டில் அதைப் போட்டுப் போட்டுப் பார்ப்பாராம். அவருடைய கையெழுத்தும் அதே ஜாடைதான், வேலி மட்டும் இல்லை.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அப்பாவிடம் ஒரு கல்யாணக் கதை உண்டு. அவருடைய சொந்தக் கல்யாணம்தான். அந்த மெஷின் அறை நர்சுகள் அத்தனை பேரும் அதைக் கேட்டுச் சிரித்தவர்கள். அம்மா வீட்டில் சம்மதிக்காததால் பதிவு அலுவலகத்தில் போய் நின்றார்கள். ஒரு சாட்சி டிப்போ டிரைவர். இரண்டாம் சாட்சிக்கு வருவதாகச் சொன்ன நண்பர் கடைசி நேரத்தில் வயிற்றுவலி என்று காலை வாரிவிட்டார். வாசலில் வாடகைச் சாட்சிகள் நிற்பார்கள். அதில் ஒரு பெரியவரை இழுத்து வந்தார்கள்.

"சட்டைல பட்டன் ஒண்ணு மாத்திப் போட்டிருந்தாரும்மா. கையெழுத்துப் போட்டாரு. காசு நீட்டினா வேண்டாங்கறாரு. சரி, கிளம்புவாருன்னு பாத்தா, அங்கயே நின்னு எங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே இருக்காரு. டீக்கு நிக்கிறாரு போலன்னு நெனச்சேன். 'பெரியவரே, முடிஞ்சுது, கிளம்பலாம்!'னேன். ஆபீசே சிரிச்சுது!"

அம்மா உயிரோடு இருந்தவரை இந்த இடத்தில் குறுக்கே ஒரு வரி சொல்வாள். "பாவம், கண்ணத் தொடச்சுக்கிட்டாரு." அப்பா உடனே, "வெயில்டி, வேர்வை," என்பார். நாங்கள் சிரிப்போம். நாற்பத்தெட்டு வருடமாக எங்கள் வீட்டில் சிரிக்க வேறு சரக்கு இல்லை.

ஊரின் பிறப்பு, இறப்பு, திருமணப் பழைய பதிவேடுகள் எல்லாம் அதே பதிவு அலுவலகத்தின் நிலவறையில் இருந்தன. அவற்றைக் காப்பவரை எல்லோரும் 'பெட்டகம்' என்று கூப்பிட்டார்கள். ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. இரண்டு முட்டியிலும் பட்டை கட்டியிருந்தார்.

"தேடுறதுக்கு மனு குடுத்துட்டுப் போங்க. ஆறு மாசம் ஆகும்."

"எங்கப்பாவுக்கு அவ்வளவு ஆகாதுங்க. கிட்னி ரெண்டும் போயிடுச்சு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். பையில் கம்பெனிப் பெயருக்குக் கீழே ஒரு லிஃப்ட் படம் இருந்தது.

"அந்த லிஃப்ட்டு நின்னு பதினோரு மாசம் ஆகுது. நாப்பத்திரெண்டு படி. ஒவ்வொரு புத்தகமும் பொறந்த குழந்தை கனம். என் முட்டியும் உங்க அப்பா கிட்னியும் ஒரே கட்சி."

பேரம் படிந்தது. வியாழன் தோறும் என் வார விடுமுறையில் நான் லிஃப்ட்டைப் பார்ப்பேன். நடுநடுவே பதிவேட்டையும் பார்ப்பேன். லிஃப்ட்டில் ஒரு கோளாறும் இல்லை. கதவில் ஒரு சின்ன இணைப்பு தேய்ந்திருந்தது, பத்து நிமிட வேலை. அதை மூன்று வாரம் இழுத்தேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே ஊழல் அது.

மரணப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, அப்பாவின் ஆறாவது வயதிலிருந்து ஆரம்பித்தேன். துறைமுக விபத்துகள் இருந்தன. கயிறு அறுந்தது, கால் வழுக்கியது, பலகை உடைந்தது. அவர் இல்லை. நடுவில் மற்றவர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். 'வயது இரண்டு நாள், பெயர் வைக்கப்படவில்லை' என்று ஒன்று. அதைத் தாண்டிப் பக்கம் புரட்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கொட்டாவி விட்டதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒன்பது வருடச் சாவுகளைப் படித்து முடித்தபோது, தெரிந்தவர்கள் எல்லோரையும் ஒரேயடியாகப் பறிகொடுத்தவன் மாதிரி இருந்தேன்.

நான்காவது வியாழன், பெட்டகம் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"லிஃப்ட்டுக்காரரே, அது பத்து நிமிஷ வேலைன்னு எனக்குப் போன வாரமே தெரியும். என் தங்கச்சி வீட்டுக்காரரும் உங்க தொழில்தான்."

நான் பதிவேட்டை மூடி வைத்தேன்.

"பரவால்ல, விடுங்க. யாரத்தான் இப்படித் தேடுறீங்க?"

பள்ளிக்கூட விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தவர், வாய்விட்டுச் சிரித்தார்.

"இவரா! இவர எனக்கு நல்லாத் தெரியுமே!"

"இவரு செத்து எழுபது வருஷம் ஆச்சுங்க."

"எங்க செத்தாரு? எங்க ஆஸ்தான சாட்சியாச்சே!"

ஆறு வருடமாக அவர் பழைய திருமணப் பதிவேடுகளை ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றி வருகிறார். ஆளைப் பார்த்ததில்லை; ஆனால் அந்த வேலி போட்ட கையெழுத்து அத்துப்படி. "அந்த வட்டம் பக்கத்துப் பேர் மேல ஏறிடும். நான் உக்காந்து வெட்டிச் சரிபண்ணணும். பாவி மனுஷன, எத்தனை நாள் திட்டியிருக்கேன் தெரியுமா?"

அவர் புத்தகங்களை எடுத்து வந்து போடப் போட நான் பார்த்தேன். முதல் கையெழுத்து அப்பாவுக்குப் பதினாலு வயதாகும்போது. அதிலிருந்து பதினாலு வருடம். முந்நூற்றுச் சொச்சம் கல்யாணங்கள். ஊரில் யார் யாரோ சேர்ந்து வாழப் போவதற்கெல்லாம் இவர் சாட்சி. முகவரி என்ற இடத்தில் எல்லாவற்றிலும் 'அலுவலகத்துக்கு எதிரில்' என்றுதான் இருந்தது. மூன்று வாரமாக நான் செய்த முட்டாள்தனம் அப்போதுதான் உறைத்தது. உயிரோடு இருந்தவரைப் பிணங்களுக்கு நடுவே தேடியிருக்கிறேன்.

ஏன் வீட்டை விட்டுப் போனார்? அதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை. டிப்போ அங்கிருந்து இரண்டு ஸ்டாப். தாத்தா சாட்சி போட்ட கடைசிச் சில வருடங்களில் அப்பா அந்த கேட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். தாத்தா ஏறிப் போன பஸ்ஸும் அந்த கேட்டைத் தாண்டித்தான் போயிருக்கும். அப்பா குனிந்து நேரம் எழுதியிருப்பார்.

"இதுதான் கடைசி," என்றார் பெட்டகம். "இதுக்கப்புறம் இவரு எங்கயும் வரமாட்டாரு. சட்டுனு நின்னுடும்."

நான் மணமகள் கையெழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். பால்கார நோட்டிலும் என் மதிப்பெண் அட்டையிலும் பார்த்துப் பழகிய எழுத்து. அம்மா.

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது; பெட்டகத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே போனார். மணமகன் பெயர். மணமகனின் தந்தை பெயர். அதற்கு அடுத்து, சிவப்பு மையில், 'காலமானார்'. அதற்குக் கீழே, 'மேற்கண்ட விவரங்கள் யாவும் நாங்கள் அறிந்தவரை உண்மை' என்ற அச்சு வரி. முதல் சாட்சி, டிரைவர். இரண்டாம் சாட்சி, காலமானவர்.

"பேர் ஒண்ணா இருக்கறத யாரும் கவனிக்கலயா?" என்று கேட்டேன்.

"தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கற பேரு. யாரு கவனிப்பா?" அந்த அச்சு வரியில் விரலை வைத்து, "கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் சத்தமாப் படிச்சுக் காட்டுவாங்க. அது விதி," என்றார்.

அந்த ஒரு கையெழுத்தில் மட்டும் வேலி முழுசாகச் சுற்றவில்லை. பாதியில் நின்றிருந்தது. புள்ளிகளும் இல்லை.

நகல் எடுத்து முத்திரை குத்திக் கொடுத்தார். நான் போய்ப் பத்து நிமிடத்தில் லிஃப்ட்டைச் சரிசெய்தேன். பெட்டகம் அதில் ஏறி மேலே போனார். நான் நாற்பத்திரண்டு படியும் ஏறிப் போனேன். அன்றைக்கு அவசரமாக மேலே போய்ச் சேர எனக்கு ஒன்றும் இல்லை.

நகல் நான்கு நாள் என் பையில் ஸ்பேனர்களுக்கு நடுவே கிடந்தது. கரையான் அரித்துவிட்டது என்று சொல்லலாமா? வெள்ளம் புகுந்தது என்று சொல்லலாமா? கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. வண்டி ஏன் தாமதம் என்பதற்கு டிரைவர்கள் சொன்ன பொய்களை முப்பத்தைந்து வருடம் கேட்டுப் பழகிய மனிதர் அவர். ஐந்தாம் நாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவரே கேட்டார்.

"என்னடா, தேதி கிடைச்சுதா?"

"ஒரு தாள் கிடைச்சுதுப்பா."

நீட்டினேன். என் கட்டைவிரல் தாளின் கீழ்ப்பாதி மேல் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தார்.

"இது என் கல்யாணப் பதிவு. இத எதுக்குடா... ஓ, 'காலமானார்'னு போட்டிருக்கே, அதுக்காகவா?"

"ஆமாப்பா."

"இது நான் சொல்லி அவன் எழுதினது. இது எப்படி ஆதாரமாகும்? விரல எடு."

"கீழ ஒண்ணும் இல்லப்பா."

"எடுடா."

எடுத்தேன். அவருடைய ஒரு கை மெஷினோடு இருந்தது. இன்னொரு கையில் பூதக்கண்ணாடி. அது மெதுவாக இறங்கி வந்து, அந்தக் கையெழுத்தின் மேல் நின்றது. பிளாஸ்டிக் உறையிலிருந்த தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. சிலேட்டில் போட்டுப் பழகிய கை அது.

"படிச்சுக் காட்டினாங்க," என்றார். "எனக்கு ஞாபகம் இருக்கு. 'தந்தை காலமானார், சரியா?'ன்னான் கிளார்க்கு. நான் தலையாட்டினேன். பக்கத்துலதான் நின்னாரு."

"அப்பா, அவரு அன்னிக்கு..."

"எத்தனை வயசு இருக்கும் அப்ப அவருக்கு?"

"அம்பத்தொண்ணு. அதுலயே போட்டிருக்கு."

"பெரியவரேன்னு கூப்பிட்டேன். எனக்கு இப்ப எழுபத்தாறு."

புதிதாக வந்த நர்சு ஒருத்தி கட்டிலோரம் வந்து நின்றாள். "தாத்தா, உங்க கல்யாணக் கதை ரொம்பத் தமாஷா இருக்குமாமே? சிஸ்டர்லாம் சொன்னாங்க."

அப்பா அவளைப் பார்த்துத் தலையசைத்தார். "அதுல கொஞ்சம் பிழை இருக்கும்மா," என்றார். அவளுக்குப் புரியவில்லை; இரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு போய்விட்டாள்.

"படிவத்த எடு," என்றார் அப்பா.

"இப்ப வேண்டாம்ப்பா."

"நான் தேதிதான கேட்டேன்? இருக்குல்ல தேதி. செத்துட்டேன்னு அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. இதுக்கு மேல யாருடா வந்து சாட்சி சொல்லணும்? எழுது."

'தந்தை இறந்த தேதி' என்ற கட்டத்தில், என் அப்பா அம்மாவின் கல்யாணத் தேதியை எழுதினேன். 'வயது' என்ற இடத்தில் ஐம்பத்தொன்று.

"இன்னும் ஒரு கட்டம் இருக்குப்பா. காரணம்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நான்தான கிளம்பச் சொன்னேன்," என்றார்.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "எதையும் காலியா விடக்கூடாதுங்க. தெரியலன்னா தெரியலன்னு எழுதணும்," என்று பேனாவை நீட்டினார்.

எழுதிக் கொடுத்தேன்.