ரோகிடாக்காரி

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் காலி: ஆற்றின் பெயர்.

ஜம்கு மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். ரோகிடாவில் பி.ஏ. படித்த முதல் ஆள் அவள்தான். அதனால் எந்தப் படிவமும் அவள் தலையில்தான் விடியும். நாலைந்து வருஷத்துக்கு ஒருதரம் வருகிற ஆறு, போன தடவை பதினோரு வீட்டையும் கம்புக் கொல்லைகளையும் வழித்துக்கொண்டு போயிருந்தது. கரை கட்டித்தர சர்க்கார் தயார். ஆனால் எந்த ஊர் பேரில் ஆறு பதிவாகிறதோ அந்த ஊருக்குத்தான் கரை.

இந்தப் பக்கம் மருமகளைப் பிறந்த ஊர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஜம்குவின் அம்மா முப்பது வருஷமாக வெறும் 'சாங்கட்காரி'. ஆற்றுக்கும் அதே கதி. மேலே எந்த ஊரிலிருந்து வருகிறதோ அந்தப் பேர். ரோகிடாவில் அது 'கேல்சர்க்காரி'. கேல்சரில் போய்க் கேட்டால் 'தானேலிக்காரி'. தானேலியில் வேறொன்று.

"கேல்சர்க்காரின்னே எழுதேன். உங்க சனமே அப்படித்தானே சொல்லுது?" என்றார் நிலம் அளக்கும் பட்வாரி, பல்லைக் குத்திக்கொண்டே.

"எழுதினா கரை கேல்சருக்குப் போயிரும். அங்க ஒரு ஆட்டுக்குட்டியக்கூட ஆறு தொட்டதில்ல."

"அப்ப ரோகிடாக்காரின்னு சொல்ற ஒருத்தன் கைநாட்டைக் கொண்டா. ஒண்ணு போதும்."

அப்படிச் சொல்ல ரோகிடாவுக்குக் கீழே ஊர் வேண்டுமே. கீழே வெறும் மணல்.

படிவத்தையும் மை டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு ஜம்கு கீழே நடந்தாள். ஒரு கல் தொலைவில், காய்ந்து கிடந்த ஆறு மூன்றாகப் பிரிந்தது. இடது தடம் ஒரு மணல்மேட்டில் முட்டி நின்றது. திரும்பி வந்து நடுத்தடத்தைப் பிடித்தாள். அது கரையே இல்லாமல் அகன்றுகொண்டே போனது. நிற்பது ஆற்றிலா வெளியிலா? குனிந்து மண்ணை அள்ளிப் பார்த்தாள். எல்லாம் ஒரே மண். பி.ஏ.வில் இதற்குப் பாடம் இல்லை.

தூரத்தில் ஒட்டகங்கள். நடுவில் சிவப்புத் தலைப்பாகையோடு ஒரு கிழவர், ஊர் ஊராக ஒட்டகம் மேய்க்கும் ரைக்கா இனத்தவர், பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"பாபா, இந்த ஆத்துக்கு என்ன பேரு?"

"ஆறா? எங்க?"

"நீங்க உக்காந்திருக்கீங்களே, இதுதான்... இல்லியா?"

"யாரு கண்டா? போன தடவை அந்தப் புதரு வரைக்கும் வந்து செத்தா. அதுக்கு முந்தி எங்கியோ அந்தப் பக்கம். புத்தி கெட்ட சிறுக்கி."

"யாரு?"

"வேற யாரு, உங்க ரோகிடாக்காரிதான்."

ஜம்கு அவர் கட்டைவிரலைப் பறிக்காத குறையாகப் பிடித்து மையில் தோய்த்துப் படிவத்தில் அழுத்தினாள்.

"உங்க பேரு?"

"பூராராம்."

"ஊரு?"

"இன்னைக்கு இது."

"நாளைக்கு?"

"ஒட்டகத்தக் கேளு."

ஊர் இல்லாத சாட்சியைப் பட்வாரி கிழித்துப் போடுவான். பதினோரு வீடு. ஜம்கு பேனாவைக் கடித்தாள். பிறகு கைநாட்டுக்குக் கீழே, ஊர் என்று போட்டு, அழுத்தி எழுதினாள்: 'ரோகிடாக்காரி முடியும் இடம்.'

நிமிர்ந்து பார்த்தபோது, எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை.