வெள்ளி அட்டைக்குப் பதினொரு மைல்

ரீனோவின் சூதாட்ட விடுதி ஒன்றில், மார்ச் மாதத்து மூன்றாம் செவ்வாயன்று, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற வெர்னா லிண்ட்குவிஸ்டின் நெஞ்செலும்பில் சுருள் கயிறு வேர்விட்டது. ஆட்ட அட்டையை இயந்திரத்தில் செருகி, தொலைந்துபோகாமலிருக்க அதன் கயிற்றைச் சட்டையில் மாட்டிக்கொள்வது அங்கே எல்லோரும் செய்வதுதான். கழற்ற மறந்து எழுந்து, சுண்டி இழுக்கப்பட்டு, திரும்ப உட்கார்ந்து இன்னும் நாலு ஆட்டம் ஆடுவதும் எல்லோருக்கும் நடப்பதுதான். வெர்னாவுக்கு அன்று கழலவில்லை. தீயணைப்புக்காரர்கள் கயிற்றை வெட்டிப் பார்த்தார்கள், ரத்தம் வந்தது, தைத்துவிட்டுப் போனார்கள். கயிறு நீண்டுகொடுத்ததால் அப்படியே வீட்டுக்குப் போனாள். வாசல்படிவரை பதினொரு மைல், ஒரு முழம் மிச்சம். இரண்டே நாளில் சாலைத்துறை ‘கயிறு, கவனம்’ என்று பலகை நட்டது. பக்கத்து வீட்டார் சனிக்கிழமைகளில் அதில் துணி உலர்த்தினார்கள்.

அக்டோபரில் அவள் கணவன் கஸ்ஸின் நுரையீரல் கெட்டு, விடுதியிலிருந்து முப்பது மைல் தள்ளி கார்சன் நகர மருத்துவமனையில் கிடத்தினார்கள். வெர்னா தெற்கே பதினொன்றாம் மைலில், நெடுஞ்சாலை ஓரம், கயிறு விறைக்க நின்றுகொண்டு, விடுதியில் வாடிக்கையாளரைத் தாஜா செய்வதற்கென்றே சம்பளம் வாங்கும் டிராவிஸைப் போனில் கூப்பிட்டாள்.

“ஒரு நாள் விடு தம்பி. எம் புருஷன் சாகக் கிடக்கான்.”

“ஐயோ வெர்னாம்மா, உங்களைக் கட்டிப்போட நாங்க யாரு? வெள்ளி அட்டைக்குப் பதினொண்ணு, தங்கத்துக்கு இருபது. வைரம்னா முப்பது மைல், மாட்டுக்கறி விருந்தும் இலவசம். இன்னும் கொஞ்சம் ஆடுங்க, அட்டை ஏறும், போயிடலாம்.”

ஆடினாள். வண்டியை விற்று ஆடினாள். மூன்று செர்ரிப் படம் வரிசையாக விழுந்தால் பரிசு; மூன்றாவது செர்ரி ஒவ்வொரு முறையும் மயிரிழையில் தப்பியது. அடுத்தது நிச்சயம் என்று இயந்திரம் அவள் பெயரைச் சொல்லிக் கூவியது. பன்னிரண்டாம் நாள் அட்டை தங்கமானது. இருபதாம் மைலில் நின்று கஸ்ஸிடம் போனில் பேசினாள். “பக்கத்துல வந்துட்டேன்.”

இருமலுக்கு நடுவே அவன் சிரித்தான். “எத்தனை மைல்டி ஜெயிச்சே? கடைசியில என்னையும் வச்சு ஆடிடாதே.”

“ஆடிட்டேனே கஸ். அதுதான் பயமாயிருக்கு.”

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் வைரமானது. பேருந்து பிடித்துப் போனாள். கயிறு படுக்கைவரை சரியாக எட்டியது. படுக்கை காலையிலேயே காலியாகியிருந்தது. தரை துடைப்பவள், “காலைத் தூக்குங்கம்மா” என்று சொல்லி, கயிற்றையும் தூக்கி அடியில் துடைத்தாள்.

இடுகாட்டு அலுவலகக்காரர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: “என்ன அட்டைம்மா?”

“இப்ப வைரம். புது வருஷம் பொறந்தா எல்லாருக்கும் போல மறுபடி வெள்ளி.”

அவர் வரைபடத்தில் விரலை வைத்தார். “அப்ப பத்தே முக்கால் மைல்ல ஒரு இடம் இருக்கு. குனிஞ்சு பூ வைக்கவும் கயிறு பத்தும்.”

வெர்னா அதையே எடுத்துக்கொண்டாள்.