தோலோடு போன பச்சை

இலந்தை இலை பறித்து வா என்று அனுப்பினால் எலுமிச்சை இலையோடு வந்து நிற்கிற தம்பியை என்ன செய்வது? பக்ருன்னிசா சிக்கந்தரின் கையிலிருந்த கொத்தைப் பிடுங்கி முகர்ந்து பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கம் வீசினாள். அத்தாவின் மய்யித்தைக் குளிப்பாட்ட வந்தவர்கள் முற்றத்தில் கை கட்டி நின்றார்கள். இலை போட வேண்டிய வெந்நீர் அண்டாவில் ஆறிக்கொண்டிருந்தது. மறைப்புக்குக் கட்டிய சேலை ஒரு சாண் குறைந்து, அடியில் அத்தாவைக் கிடத்திய கட்டிலின் கால்கள் தெரிந்தன. காலையிலிருந்து இந்த வீட்டில் ஒரு வேலையும் உருப்படியாக நடக்கவில்லை.

"கண்ண எங்கடா வச்சிருந்த?"

"முள்ளு இருந்துச்சுக்கா. இலந்தைன்னு நெனச்சேன்."

அதோடு விட்டானா என்றால் அதுவும் இல்லை. வருகிற வழியில் இன்னொரு காரியமும் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"உமர் மாமு வீட்டுக்குப் போனேன். அத்தாவ மன்னிச்சிருங்கன்னு கேட்டேன். வாரேன்னாரு."

பக்ருன்னிசாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சுட்டது.

"எதுக்குடா மன்னிக்கணும்? அத்தா என்னத்த எடுத்தாரு?"

"எடுத்தாருன்னு நான் சொல்லலையே."

"மன்னிச்சிருங்கன்னா பெறகு அதுக்கு என்ன அர்த்தம்?"

சிக்கந்தர் தரையைப் பார்த்தான். கேள்வி இறுகினால் தரையைப் பார்ப்பது அவனுக்குச் சின்ன வயதுப் பழக்கம்.

செத்துப்போன நூருல் அமீன் வைரத்துக்குப் பட்டை போடுகிறவர். தெற்கு ஆவணி மூல வீதிக் கடைகளிலிருந்து அவருக்குக் கல் வரும். எண்ணெயில் குழைத்த வைரப்பொடியைச் சக்கரத்தில் தடவி அவர் உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார். உமர் பாரூக் கல் வியாபாரி. இரண்டு பேரும் ஒரே தெருவில் புழுதியில் புரண்டு வளர்ந்தவர்கள், ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த உமர் பாரூக் கர்னூல் பக்கத்துத் தரகன் ஒருவனிடமிருந்து பட்டை போடாத வைரம் ஒன்றை வாங்கி வந்தார். வேப்பங்காய் போலப் பச்சை. அந்த வீதியில் பச்சை வைரம் பார்த்தவர்கள் யாரும் இல்லை. மரகதம் என்று ஒருவர் சொன்னார், பாட்டில் கண்ணாடி என்று இன்னொருவர் சிரித்தார். நூருல் அமீன் அதைச் சக்கரத்தில் ஒரு தொடு தொட்டுப் பார்த்துவிட்டு வைரம்தான் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மேலேயே இம்புட்டுப் பச்சை இருந்தால் உள்ளே எம்புட்டு இருக்கும் என்றும் சொல்லிவைத்தார். வினை அங்கேதான் பிடித்தது.

முதல் பட்டையைப் போட்டதும் உள்ளே வெள்ளையாக இருந்தது. அந்த இடம் மட்டும் அப்படி இருக்கும் என்று அடுத்ததைப் போட்டார். அதுவும் வெள்ளை. இன்னும் கொஞ்சம் தேய்த்தால் பச்சை வந்துவிடும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்துக்கொண்டே போனார். சோற்றுக்குக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாய்க் கல் சிறுத்து, பயம் வந்து கையை எடுத்தபோது, அடியில் கூர்முனைக்குச் சற்று மேலே கடுகளவு தோல் மட்டும் பச்சையாக மிஞ்சியிருந்தது.

வெள்ளைக் கல்லை வாங்கிப் பார்த்த உமர் பாரூக் கேட்டது ஒரே கேள்விதான். என் கல் எங்கே?

காரணம் வெகுநாள் கழித்துத்தான் நூருல் அமீனுக்கே விளங்கியது. காலேஜில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் ஒருவர், கண்ணாடி அறுக்கிற வைரமுனையைச் சரிபார்க்க வந்த இடத்தில் சொன்னார். சீமையில் ஒரு விஞ்ஞானி வைரத்தை ரேடியத்துக்குள் புதைத்து வைத்துப் பச்சையாக்கிக் காட்டியிருக்கிறார். இருட்டில் மினுங்கும் கடிகார முள்ளில் பூசுகிற அதே ரேடியம். மண்ணுக்குள்ளும் அப்படிக் கண்ணுக்குத் தெரியாத கதிர் விடுகிற பாறைகள் உண்டு. அதை ஒட்டி யுக யுகமாய்க் கிடக்கிற வைரம் பச்சையாகிவிடும். அநேகமாகத் தோலோடு சரி, காகிதக் கனம்கூட உள்ளே இறங்காது.

அன்றைக்கு அத்தா சிரித்தார், அழவும் செய்தார். சட்டைகூட மாற்றாமல் உமர் பாரூக் வீட்டுக்கு ஓடினார். பக்ருன்னிசாவும் கூடப் போயிருந்தாள்.

"வெயில்ல நின்னா தோலுதான மாப்ள கறுக்கும், எலும்பு கறுக்குமா? வேல தெரியாதவன்னு சொல்லு. ஊரெல்லாம் சொல்லு, கேட்டுக்கிறேன். கள்ளன்னு மட்டும் சொல்லாத."

உமர் பாரூக் மசியவில்லை. கல்லை மாற்றிவிட்டான் என்று அதற்குள் மதராஸ் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. மிஞ்சின பச்சையைப் பார் என்று கெஞ்சினால், ஏதோ பச்சிலையைத் தடவிக் கொடுத்திருக்கிறாய் என்றார். அந்தக் கல்லை அடி மூடிய மோதிரமாகக் கட்டி மனைவியின் விரலில் போட்டார். கதிர் வந்து பச்சை அடித்த கதை கடைவீதியில் சிரிப்பாய்ச் சிரித்தது. ஊர்வாயை மூட உலைமூடியா இருக்கிறது? கல் கொடுத்துக்கொண்டிருந்த கடைக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். அவர் படச்சட்டக் கடைகளுக்குக் கண்ணாடி அறுத்துக் கொடுத்துக் காலத்தை ஓட்டினார். நேற்று சாயங்காலம் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது வாயில் தண்ணீர் விட்ட மகளிடம், "அடியில இருக்கும்மா" என்றார். கலிமா சொல்லிக்கொடுக்க வந்தவர்களுக்கு அது என்னவென்று புரியவில்லை.

சரியான இலை எப்படியோ வந்து சேர்ந்தது. குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றும் வரைக்கும் பக்ருன்னிசா தம்பியை விடவில்லை. மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தூக்குமுன் வாசலில் வாரிசு நின்று, மய்யித்தின் மேல் யாருக்காவது கடன் பாத்தியதை, மனத்தாங்கல் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று கேட்பது அந்தத் தெருவின் வழக்கம். அந்த நேரத்தில் அவன் கூடுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

"அத்தா கல்ல மாத்தல, வேலதான் கெட்டுப்போச்சு. இம்புட்டுதான் சொல்லணும். சொல்லுவியா?"

"மய்யித்த வச்சுக்கிட்டு வழக்காட முடியுமாக்கா?"

"வேற எப்ப பேசுவ? வருசாவருசம் பாத்தியா ஓதுறப்பவா?"

பார்க்கிறேன் என்று போனான். இந்தப் பார்க்கிறேனை நம்பி எத்தனையோ காரியம் கெட்டிருக்கிறது.

வாசலில் ஜட்கா வந்து நின்றது. சன்னல் வழியாகப் பார்த்தாள். முழங்கால் வலிக்காரியான மனைவி அஜ்மல் பீவியை உமர் பாரூக் கைகொடுத்து இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். பெண்கள் இருந்த அறைக்குள் வந்த அஜ்மல் பீவி வெள்ளைத் துப்பட்டியை இறக்கிவிட்டுப் பாயில் சுவரோரம் உட்கார்ந்தாள். எதிரில் உட்கார்ந்த பக்ருன்னிசாவுக்கு முகம் பார்க்கப் பிடிக்கவில்லை. கண் மோதிரத்துக்குப் போயிற்று. தண்ணீரைப் போல வெள்ளைக் கல், அதைச் சுற்றி இறுக மூடிய தங்கம்.

"மோதிரம் புதுசாட்டம் இருக்கே மாமி" என்றாள். குத்திக் காட்டத்தான் சொன்னாள்.

அஜ்மல் பீவி மற்ற பெண்களைப் பார்த்தாள். அவர்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன நோம்புக்கு முன்னாடி வெரலு வீங்கிப்போச்சும்மா. பெருசாக்க ஆசாரிய வீட்டுக்கு வரச்சொல்லிப் பிரிச்சோம். கல்லுக்கு அடியில ஒரு பச்சப் புள்ளி. அழுக்குன்னு திராவகத்துல போட்டுக் கொதிக்க வச்சாரு. போகல."

பக்ருன்னிசா பாயில் நகர்ந்து கிட்டே வந்தாள்.

"மாமு பாத்தாகளா?"

"பாத்தாக."

"என்ன சொன்னாக?"

"மூடிக் கட்டுன்னாக."

"அத்தா அப்ப உசுரோடதான மாமி இருந்தாரு. நாலு வீடு தள்ளித்தான இருந்தாரு."

அஜ்மல் பீவி மோதிரத்தை விரலிலேயே திருப்பித் திருப்பி, கல் உள்ளங்கைப் பக்கம் போகிறவரைக்கும் திருப்பினாள்.

வெளியே சந்தடி அடங்கியது. சிக்கந்தரின் குரல் கேட்டது. யாருக்காவது பாத்தியதை இருந்தால் என்னிடம் கேளுங்கள், மனத்தாங்கல் இருந்தால் அல்லாவுக்காக மன்னித்துவிடுங்கள் என்றான். பக்ருன்னிசா காதைத் தீட்டிக்கொண்டு அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தாள். அவன் இருமினான். அவ்வளவுதான். பாவி, இருமலோடு முடித்துவிட்டான்.

உமர் பாரூக் தொண்டையைச் செருமினார்.

"எனக்கும் அவனுக்கும் நடந்தது ஊருக்கே தெரியும். அல்லாவுக்காக நான் மன்னிச்சுட்டேன்."

பெரிய மனசு, பெரிய மனசு என்று நாலைந்து குரல்கள் சொல்லின. பக்ருன்னிசா எழுந்துவிட்டாள். யாரோ முந்தானையைப் பிடித்தார்கள், உதறினாள். குளிப்பாட்டும்போது கட்டிய அதே சேலையை இப்போது வாசல்படிக்கு மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். அதன் பின்னால் போய் நின்றாள்.

"மன்னிக்க வேணாம் மாமு. எடுக்கலைன்னு சொல்லுங்க."

சேலை குறைந்திருந்த அந்தச் சாண் இடைவெளியில் உமர் பாரூக்கின் தோல் செருப்பு தெரிந்தது. ஒரு கால் கொஞ்சம் பின்னால் நகர்ந்து மறுபடி பழைய இடத்துக்கே வந்தது. மோதிரத்தைப் பிரித்துப் பார்த்தீர்களே என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கேட்டால் இன்று வீட்டுக்குப் போய் அடி வாங்கப்போவது யார்? திரும்பி அஜ்மல் பீவியைப் பார்த்தாள். நீயே சொல்லேன் என்று அந்தப் பார்வைக்குப் பொருள். அஜ்மல் பீவி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

மய்யித்தைத் தாமதப்படுத்தக் கூடாதும்மா என்று ஹஜ்ரத் நயமாகச் சொன்னார். சந்தூக்கு எழுந்தது. செருப்புகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பிப் போயின. கலிமாச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டு, பிறகு ஜட்கா வண்டிகளின் இரைச்சலில் கரைந்துவிட்டது. மன்னிக்கப்பட்ட கள்ளனாக நூருல் அமீன் மையவாடிக்குப் போனார். நாலு நல்ல வார்த்தைகூட வாங்கித்தர முடியாத மகளாக அவள் படியிலேயே உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் அஜ்மல் பீவி மட்டும் இருந்தாள்.

"ஒங்கத்தா கொறடு இருக்காம்மா?"

எதற்கென்று கேட்காமல் பக்ருன்னிசா பெட்டியைத் தூக்கிவந்து எதிரில் வைத்தாள். மெல்ல வைக்கவில்லை. அஜ்மல் பீவி மோதிரத்தைக் கழற்றி, குறட்டின் மூக்கைத் தங்கத்துக்குள் விட்டு நெம்பினாள். பழக்கமில்லாத கை, இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாந்தரம் கல் தெறித்துப் பாயில் விழுந்தது.

பக்ருன்னிசா அதை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பச்சையைப் பார்த்ததே இல்லை. அத்தா சொன்னதைத்தான் ஊரோடு சண்டை போட்டுக் காப்பாற்றிவந்தாள். அவர் தூங்கும்போது அந்த முகத்தைப் பார்த்து, ஒருவேளை எடுத்திருப்பாரோ என்று அவளுக்கே தோன்றிய நாட்களும் உண்டு. கல்லைத் திருப்பினாள். கூர்முனைக்குச் சற்று மேலே, அவர் சொன்ன இடத்திலேயே, சொன்ன அளவிலேயே இருந்தது பச்சை. விரலால் தேய்த்தாள். சேலையில் துடைத்தாள். போகவில்லை.

அஜ்மல் பீவி கையை நீட்டினாள். கொடுக்க மனம் வராமல்தான் கொடுத்தாள். அடுத்தவர் பொருள் அல்லவா? அஜ்மல் பீவி கல்லைத் தங்கத்துக்குள் வைத்தாள். பட்டை முகம் கீழே, கூர்முனை மேலே. தங்க விளிம்பைக் குறட்டால் சுற்றிலும் அழுத்தினாள். கோணல்மாணலாக இருந்தது. கல் விரலில் முள்ளைப் போல நின்றது. அதன் பக்கவாட்டில் பச்சைப் புள்ளி யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி இருந்தது.

"மாமி" என்றாள் பக்ருன்னிசா.

மையவாடி மண் ஒட்டிய செருப்போடு உமர் பாரூக் திரும்பி வந்தார். உள்ளே பார்க்காமல், போவோமா என்று தெருவிலிருந்தே குரல் கொடுத்தார். அஜ்மல் பீவி சுவரைப் பிடித்து எழுந்து துப்பட்டியைப் போட்டுக்கொண்டாள். பக்ருன்னிசா வாசல் சேலையை ஒதுக்கிப் பிடித்தாள்.

ஜட்காவின் படி உயரம். அவளை ஏற்றிவிட உமர் பாரூக் கையை நீட்டினார். அஜ்மல் பீவி துப்பட்டிக்குள்ளிருந்து மோதிரக் கையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.