நெடுமாறன் அண்ணன் குரல்

எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் நான் எந்தக் குரலிலும் பாடுவேன். குழந்தை, கிழவி, ஆம்பளை, எது கேட்டாலும் வரும். அந்தத் திமிரில்தான் இந்தப் பாழாய்ப்போன யோசனையையும் சொன்னேன்.

இருபது வருஷமாக என்னோடு டூயட் பாடிய நெடுமாறன் அண்ணனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, பேச்சே நின்றுபோயிருந்தது. சுரங்க வேலையிலிருந்து ரிட்டையராகிப் பண்ருட்டிக்குப் போய்விட்டதால் நெய்வேலியில் யாருக்கும் சரியாகத் தெரியாது. திருவிழாக் கமிட்டியோ அவர் வந்தால்தான் கச்சேரி என்றது.

"நீங்க வாயை மட்டும் அசைங்கண்ணே, உங்க வரியையும் நானே பாடிடறேன்" என்றேன். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

என் வரியை ஜனங்களைப் பார்த்துப் பாடினேன். அவர் வரி வந்ததும் கீபோர்டு பக்கம் திரும்பிக்கொண்டேன். மூச்சு வாங்குகிற இடம்கூடத் தவறாமல் அவர் உதடு அசைந்தது. ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்தவர்கள் விசிலடித்தார்கள்.

அவரோடு மைன்ஸில் வேலை பார்த்த பழனிவேல் மேடையேறிச் சால்வை போட்டார்.

"உனக்குக் குரல் போயிடுச்சுன்னு ஒருத்தன் சொன்னான் மாறா. அவனை அடிக்கவே போயிட்டேன். எங்கடா போச்சு, அப்படியே இருக்கு!" என்று கட்டிப்பிடித்து அழுதவர், மைக்கை அண்ணன் வாயருகே நீட்டினார். "என் பேரைச் சொல்லி ஒரு வார்த்தை பேசுடா."

கீபோர்டு தனகோடி பதறிப்போய் அடுத்த பாட்டை ஆரம்பித்தான். பழனிவேல் கையைக் காட்டி நிறுத்தினார். கூட்டமே அடங்கியது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் பாடுவது எனக்கு அச்சாக வரும். பேசினால் எப்படி இருக்கும் என்பது மட்டும், எவ்வளவு முட்டிக்கொண்டும் ஞாபகம் வரவில்லை.