கொழுப்பு மாத்திரையும் நிறுத்து சைகையும்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் என் தங்கை வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலை ஒட்டிய நாற்காலியில் தங்கையின் கணவர், அதாவது என் மச்சான்; அவரும் என்னை அப்படியே கூப்பிடுவார். அவருக்கு எதிரே மடக்கு மேசையில் தாளும் பேனாவுமாக நான். தையல் மிஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்கை. தரையில் சுவரோடு சாய்ந்து, மடியில் பாடப் புத்தகத்துடன் அவர்கள் மகள். படிப்பதாகப் பேர். கதவுக்குப் பக்கத்தில், உட்காரச் சொன்னதற்காக மட்டும் ஸ்டூலின் நுனியில் ஒட்டிக்கொண்டு சைகைக்காரர்.

சைகைக்காரர் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மச்சான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். சரக்குப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து தூக்கி லாரியில் வைக்கும் கிரேன். அவர் உட்காரும் கூண்டு அவ்வளவு உயரத்தில் இருப்பதால் துறைமுகத்தில் அவருக்கு மேல்வீட்டுக்காரர் என்று பட்டப்பெயர். கீழே இருக்கிற இரைச்சலில் மேலே எந்தக் குரலும் எட்டாது. ஆகவே கீழே ஒருவர் நின்று கையால் சைகை காட்டுவார். தூக்கு, இறக்கு, இடப்பக்கம், வலப்பக்கம் எல்லாம் அவர் கையில்தான். இந்த இருவரும் பல வருஷமாக ஒரே ஜோடி.

அதில் ஒரு விதி உண்டு. மற்ற சைகைகளைச் சைகைக்காரர் மட்டுமே காட்டலாம். ஆனால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக் காட்டும் நிறுத்து சைகையை யார் காட்டினாலும், டீ கொண்டு வருகிறவர் காட்டினாலும், கிரேன் நிற்க வேண்டும். ஏன் என்று கேட்பதெல்லாம் நின்ற பிறகு. இதை மச்சான் எங்களிடம் பெருமையாகப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

என்னை வரவழைத்த காரணம் ஒரு விண்ணப்பம். நகராட்சி அலுவலகத்துக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை என்பதால் குடும்பத்தில் எந்தக் கடிதம் என்றாலும் என் தலையில் விழும். புதன்கிழமை மச்சானுக்குக் கம்பெனியின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை. அதை ஒரு மாதம் தள்ளிவைக்கும்படி கேட்டு எழுத வேண்டும்.

"காரணம் என்ன போடறது?" என்று கேட்டேன்.

"வெளியூர்ல சொந்தக்காரங்க விசேஷம்னு போடுங்க மச்சான்."

"எந்த ஊர்?"

"எந்த ஊரா இருந்தா என்ன? தூரமா ஒரு ஊர் போடுங்க."

"எனக்குத் தெரியாம எந்தச் சொந்தம் அது?" என்றாள் தங்கை.

மச்சான் சைகைக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கொழுப்பு மாத்திரைய நிறுத்தி ஏழெட்டு மாசம் ஆச்சு. இப்ப ரத்தம் எடுத்தா தெரிஞ்சுடும். ஒரு மாசம் மறுபடி போட்டா எண் இறங்கிடும், அப்புறம் போய்க் கையை நீட்டுறேன். அவ்வளவுதான் விஷயம்."

தங்கை எழுந்தே விட்டாள். "நிறுத்திட்டீங்களா? தினம் டப்பாவ எடுத்து முன்னாடி வைக்கிறேனே!"

"சுகர் மாத்திரைய ஒழுங்காப் போடுறேன்ல? இதை மட்டும்தான் விட்டேன். போன தடவை கொழுப்பு நார்மல்னு வந்துச்சு. நார்மல் ஆனதுக்கு எதுக்கு மருந்து? அதுவும் இல்லாம, அந்த மாத்திரை சுகர ஏத்துதுன்னு கேண்டீன்ல சொன்னாங்க. நானும் பாத்தேன், காலையில அஞ்சாறு எண் கூடத்தான் காட்டுச்சு."

இந்த இடத்தில் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் வந்து பதினைந்து வருஷம் ஆகியும் அதை அவர் அசட்டையாக விட்டவர் அல்ல. காலையில் பல் துலக்குகிறாரோ இல்லையோ, விரலில் குத்திப் பார்த்துவிடுவார். எண் நன்றாக வந்தால் பரீட்சையில் பாஸானவர் மாதிரி வீடு முழுக்கச் சொல்வார். அவருக்கு எதிரி ஒன்றே ஒன்று, இனிப்பு. அது இல்லாத எதுவும் நல்ல சாப்பாடு. வறுத்த கறி, பொரித்த முட்டை, வெண்ணெயில் புரட்டிய கடலை என்று ஒரு டப்பா நிறையக் கூண்டுக்குக் கொண்டுபோவார். கேட்டால், "இதுல சர்க்கரை எங்க இருக்கு, காட்டு" என்பார்.

"உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு கல்யாணமான வருஷமே எனக்குத் தெரியும். டாக்டருக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சுது" என்றாள் தங்கை. மகள் சிரித்தாள். தங்கை சிரிக்கவில்லை.

அப்போதுதான் சைகைக்காரர் வாயைத் திறந்தார். அவர் வந்தது வேறு விஷயமாக. போன வாரம் ஒரு பெட்டி இறங்கும்போது லாரியின் ஓரத்தில் இடித்துவிட்டது. பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் குதித்துத் தப்பினார். நிறுத்து சைகையைத் தாமதமாகக் காட்டியதாகச் சைகைக்காரருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்யா. நான் கைய விரிச்சப்ப பெட்டி லாரிக்கு மேல ரெண்டு ஆள் உயரத்துல இருந்துச்சு. நீ பாத்தியா, பாக்கலையா?"

"வெயில் கண்ணுல அடிச்சுதுய்யா."

"அன்னைக்கு மேகம்."

மச்சான் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"கொஞ்ச நாளாவே பாக்குறேன்," என்றார் சைகைக்காரர். "ஏணியில முன்னெல்லாம் ஒரே மூச்சுல ஏறுவ. இப்போ நடுவுல நடுவுல நின்னு கீழ வேடிக்கை பாக்குற. அப்படி என்னய்யா வேடிக்கை?"

"சுகர் லோ ஆகுது. ஒரு கட்டி சர்க்கரைய வாயில போட்டா சரியாயிடும். அன்னைக்கும் அதான். கை ஒரு நிமிஷம் சொன்னபடி கேக்கல."

சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் நெற்றியைத் துடைத்தார். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. என் தாள் பறக்காமல் இருக்க அதன் மேல் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்தேன். அப்படிப்பட்ட காற்றில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முகம் சுண்ணாம்பு அடித்தது போல் ஆகிவிட்டது.

"என்னங்க?" என்றாள் தங்கை.

"ஒண்ணும் இல்ல. லோதான். சர்க்கரை எடு."

அவள் உள்ளே ஓடிப்போய் எடுத்து வந்தாள். அவரே இரண்டு கட்டியை வாயில் போட்டுக்கொண்டார். சைகைக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார்.  நான் எழுதியிருந்தது "மதிப்பிற்குரிய ஐயா" வரைதான். அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, குத்திப் பாத்துடலாம்பா," என்றாள் மகள்.

"எதுக்கு? எனக்குத் தெரியாதா?"

அவள் கேட்காமல் சர்க்கரை பார்க்கும் மிஷினைக் கொண்டுவந்து விரலில் குத்தினாள். எண் வந்தது. இருநூற்றுப் பதினான்கு.

லோ என்றால் எழுபதுக்குக் கீழே இருக்க வேண்டும். அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"கையில சர்க்கரை ஒட்டியிருக்கு. அதான் கூடக் காட்டுது," என்றார் மச்சான். அவர் சொன்னது நியாயம்தான், அப்படியும் காட்டும். தங்கை ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாள். மகள் வேறு விரலில் குத்தினாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

ஆக, அந்த வேர்வைக்குச் சர்க்கரை காரணம் இல்லை. அப்படியானால் எது?  மச்சான் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பல்லு வலியா மச்சான்?"

"பல்லு இல்ல. இங்க ஏதோ இழுக்குது. தோள்பட்டை வரைக்கும்."

"நெஞ்சு வலிக்குதா?"

"நெஞ்செல்லாம் ஒண்ணும் இல்ல. வயித்தப் பெரட்டுது. கேஸா இருக்கும்."

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்," என்றேன்.

"நல்லா இருக்கு மச்சான். இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனா நாளைக்குக் கம்பெனிக்குத் தெரியும். நாளான்னிக்கு மேல்வீட்டக் காலி பண்ணுன்னுவாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதான். ஒரு அரை மணி படுத்து எந்திரிக்கிறேன். நீங்க லெட்டர முடிங்க."

நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். நான் குறுக்கே பேசினேன், சைகைக்காரர் பேசினார், மகள் "அப்பா, அப்பா" என்றாள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. கூண்டுக்குள் இருக்கிற மாதிரி, நாங்கள் எல்லோரும் எங்கோ கீழே நின்று கத்துகிற மாதிரி, படுக்கையறைப் பக்கம் நடந்தார்.

தங்கை அவருக்கு முன்னால் போய் அறை வாசலில் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி விரித்தாள்.

மச்சான் நின்றுவிட்டார்.

யோசித்து நின்றதாகத் தெரியவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் உடம்பு தானாகவே நின்றது. ஒரு கால் முன்னால் வைத்தது வைத்தபடி, அங்கே இல்லாத ஒரு லீவரை வலது கை பின்னுக்கு இழுத்துப் பிடித்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

"ஏன்?" என்றார்.

"அதை நின்னப்புறம் கேக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க," என்றாள் தங்கை. அவள் கையை இறக்கவில்லை. "இப்ப சொல்றேன். பயமா இருக்குங்க. வேற காரணம் எனக்குத் தெரியாது. உட்காருங்க."

சைகைக்காரர் நாற்காலியைப் பின்னால் கொண்டுவந்து வைத்தார். மச்சான் உட்கார்ந்தார். மகள் ஏற்கெனவே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு வீட்டு அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டி வரும்வரை தங்கை அவர் பக்கத்தில் நின்று, நெற்றியைத் துடைத்தபடி இருந்தாள். கம்பெனி, கூண்டு என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்த நர்ஸ் தாளைக் கிழித்துக்கொண்டு ஓடினார்.  மாரடைப்புதான். அன்று மாலையே உள்ளே மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார்கள். இதயத்துக்குப் போகும் ஒரு ரத்தக் குழாய் ஏறக்குறைய மூடியிருந்தது. அதை விரித்து, மறுபடி மூடாமல் தாங்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைத்தார்கள். இன்னொன்றில் பாதி அடைப்பு. அதை மாத்திரையால் சமாளிக்கலாம் என்றார்கள்.

கண் விழித்ததும் மச்சான் டாக்டரம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "நெஞ்சு வலியே இல்லையே டாக்டர்?"

"பதினஞ்சு வருஷ சுகர்ல நரம்பு மந்தமாயிடலாம். வலி தெரியாமயே வரும். வேர்வை, மூச்சு வாங்கறது, தாடை இழுக்கறது, இப்படித்தான். நீங்க அதை லோன்னு நெனச்சு சர்க்கரையச் சாப்பிட்டிருக்கீங்க."

"சுகர் கண்ட்ரோல்லதான் இருந்துச்சு."

"இருந்துச்சு. அதுக்கு உங்களப் பாராட்டணும். ஆனா சுகர் இருக்கிறவங்களுக்கு ரத்தக் குழாய்ல கொழுப்பு படியறது சீக்கிரம் நடக்கும். சுகர், கொழுப்பு, பிரஷர் மூணையும் சேர்த்துப் பாக்கணும். நீங்க வாசக் கதவுக்கு மட்டும் நல்லாக் காவல் இருந்தீங்க, கொல்லைப்பக்கம் திறந்து கெடந்துச்சு."

"நார்மல்னு வந்துச்சே?"

"மாத்திரை போட்டதால வந்த நார்மல் அது. நிறுத்தினா பழைய எண் திரும்பி வந்துடும். அந்த மாத்திரை சுகரக் கொஞ்சம் ஏத்தும்கிறது உண்மைதான். அதை எங்ககிட்ட சொல்லியிருந்தா சுகர் மருந்தச் சரி பண்ணியிருப்போம். கேண்டீன்ல போய்க் கேட்டிருக்கீங்க." போகிறபோக்கில் தங்கையிடம், "வறுத்தது பொரிச்சதையும் நிறுத்துங்கம்மா" என்றார்.

"கைய விரிச்சுடறேன் டாக்டர்," என்றாள் தங்கை. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. மச்சானுக்குப் புரிந்தது.

நான்காம் நாள் மச்சான் என்னைத் தாளும் பேனாவும் கொண்டுவரச் சொன்னார். அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் மருந்து வைக்கும் சிறு மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். தங்கை கால்மாட்டில் இருந்தாள்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கொழுப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தியது, ஏணியில் மூச்சு வாங்கியது, மாரடைப்பு, ஸ்டென்ட், டாக்டர் அனுமதிக்கும்வரை கீழே ஏதாவது வேலை தரும்படி வேண்டுகோள். அதோடு முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

"இன்னும் இருக்கு மச்சான். போன வாரம் பெட்டி இடிச்சது. சைகை லேட் இல்ல. நேரத்துக்குக் காட்டினாரு, நான் பாத்தேன், என் கைதான் நிக்கல. இதையும் போடுங்க. எச்சரிக்கைய ரத்து பண்ணணும்னும் போடுங்க."

பேனாவை வைத்துவிட்டேன். ஒரு கடிதத்துக்கு ஒரு பொருள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். ஆனால் நான் தயங்கியது அதற்காக அல்ல. நோய் வந்தவரை ஒருவேளை திரும்ப மேலே ஏற்றுவார்கள். சைகையைப் பார்த்தும் நிறுத்த முடியாமல் போனவரை ஏற்றுவார்களா?

"இதைப் போட்டா திரும்ப விடுவாங்களான்னு தெரியாது மச்சான்."

"எனக்கும் தெரியாது." தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "கீழ நிக்கிறவன் என்னை நம்பித்தானே நிக்கிறான்? போடுங்க."

தங்கையைப் பார்த்தேன். அவள் கைகள் விரியாமல் மடியிலேயே இருந்தன.

எழுதினேன். படித்துக் காட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார். கொஞ்சம் கோணலாக விழுந்தது, அப்படியே விட்டுவிட்டேன். மூன்றாக மடித்து, உறையில் இட்டு, ஓரத்தை ஈரப்படுத்தி அழுத்தி ஒட்டிக்கொண்டிருக்கும்போது சைகைக்காரர் வேலை உடையோடு உள்ளே வந்தார். ஷிப்டுக்குப் போகிற வழி.

"கம்பெனிக்கா? குடுங்க, நானே ஆபீஸ்ல சேத்துடறேன்," என்று கை நீட்டினார். "என்ன, தூரமா ஒரு ஊர் போட்டாச்சா?"

"போய்க் குடுய்யா, ஷிப்டுக்கு நேரமாச்சு," என்றார் மச்சான்.

அவர் உறையைச் சட்டைப் பையில் செருகிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.